புதுச் சாதனம் வந்திருக்கிறது, சரி. அது முக்கியமானதா?

2001 ஜனவரியில் ஒரு செய்தி கசிந்தது. டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரகசியமாக ஏதோ செய்துகொண்டிருக்கிறார், அதற்கு ‘ஜிஞ்சர்’ என்று சங்கேதப் பெயர், அது வந்துவிட்டால் நகரங்களையே அதற்கேற்ப வேறு மாதிரி கட்ட வேண்டியிருக்கும் என்றெல்லாம் பேச்சு. ஹைட்ரஜன் இன்ஜினாக இருக்கும் என்றார்கள், புவியீர்ப்பை ஏமாற்றும் கருவி என்றார்கள், ஆளாளுக்கு ஒரு ஊகம். டிசம்பரில் திரையை விலக்கியபோது உள்ளே இருந்தது நின்றுகொண்டே போகிற ஒரு இரண்டு சக்கர வண்டி. பெயர் செக்வே. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், விழாது. இன்ஜினியரிங் என்று பார்த்தால் அருமையான வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2020-ல் உற்பத்தியை நிறுத்தியபோது அதுவரை விற்றிருந்தது மொத்தமே சுமார் 1,40,000 வண்டிகள். சுற்றுலாப் பயணிகளும் காவலர்களும் ஓட்டினார்கள். நகரங்கள் இருந்தபடியே இருந்தன.

அதே 2001-ல் இன்னொரு பொருளும் கடைக்கு வந்தது. என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் 3 என்ற கிராபிக்ஸ் கார்டு. வாங்கியவர்கள் பெரும்பாலும் வீடியோ கேம் ஆடுகிறவர்கள். திரையில் தண்ணீர் தண்ணீராகத் தெரிய வேண்டும், வெடித்தால் வெடித்த மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அந்தக் கார்டில் ஒரு சின்னப் புதுமை இருந்தது: திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எப்படி நிறம் போட வேண்டும் என்று நிரலாளரே குட்டி நிரல் எழுதிக் கார்டுக்குச் சொல்லலாம். இதற்காக நகரங்களை மாற்றிக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பையன்கள் காசைக் கரியாக்குகிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லியிருப்பார்கள். அந்தக் கார்டின் கதை எங்கே போய் நின்றது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

புதிதாக வருகிற நுகர்பொருள்கள் உண்மையிலேயே முக்கியமானவையா, இல்லை வெறும் ஆரவாரமா என்று கேட்டால் வழக்கமாக இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்கு எல்லாமே புரட்சி. இன்னொரு கட்சிக்கு எல்லாமே பணம் பிடுங்கும் பொம்மை. எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. இரண்டு பேரும் கடையில் வாங்கிய பெட்டியையே பார்த்துச் சண்டை போடுகிறார்கள் என்று தோன்றுகிறது. பெட்டிக்குள் இருக்கும் பாகம் ஒன்று உண்டு, பெட்டி வேலை செய்ய அதன் பின்னால் இருக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. பெரிய மாற்றங்கள் அநேகமாக அந்த இரண்டு இடங்களில்தான் நடக்கின்றன. இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

எடுத்துவிட்டுப் பாருங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘முக்கியமான கண்டுபிடிப்பு’ என்று சொல்லும்போது, நிறைய விற்றது, எனக்கு ரொம்பப் பிடித்தது, மனிதர்கள் வாழும் விதத்தை மாற்றியது என்று மூன்று வேறு சமாச்சாரங்களை ஒரே சொல்லில் போட்டுக் கலக்கிவிடுகிறோம். ரூபிக் கனசதுரம் கோடிக்கணக்கில் விற்றது, எனக்கும் பிடிக்கும், ஆனால் அது வராமலே போயிருந்தாலும் 1980-கள் ஏறக்குறைய அதே 1980-களாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவது அர்த்தத்தில்தான் இங்கே பேசுகிறோம்.

அதைச் சோதிக்க எளிய வழி, அந்தப் பொருளை மனதுக்குள் உலகத்திலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பது. எடுத்துவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? பழைய வழிக்குச் சிரமமில்லாமல் திரும்பிவிடுவார்களா, அல்லது ஏதாவது இடிந்து விழுமா? ஜூசெரோ என்று ஒரு பழச்சாறு இயந்திரம் 2016-ல் வந்தது. விலை 699 டாலர், இணைய இணைப்பு வேறு உண்டு, முதலீட்டாளர்கள் கொட்டிய பணம் சுமார் 12 கோடி டாலர். நறுக்கிய பழமும் காய்கறியும் அடைத்து அந்த நிறுவனமே விற்கும் பையை உள்ளே வைத்தால் பிழிந்து தரும். 2017-ல் செய்தியாளர்கள் இயந்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதே பையைக் கையாலேயே பிழிந்து பார்த்தார்கள், ஏறக்குறைய அதே அளவு சாறு வந்தது. சில மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. சோதனை முடிந்தது, இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

எல்லாம் இவ்வளவு சுலபமாகத் தீராது. பொருளாதார நிபுணர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்த எடுத்துவிடும் கேள்வியையே பணத்தால் அளந்தார்கள். ஓர் ஆண்டு முழுக்கத் தேடுபொறியே இல்லாமல் இருக்க உங்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது வந்த நடுமதிப்பு (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 17,530 டாலர். மின்னஞ்சலுக்கு 8,414. டிஜிட்டல் வரைபடங்களுக்கு 3,648. பயன்படுத்துகிறவர் நேரடியாக ஒரு காசும் கொடுக்காத சேவைகள் இவை, அதனால் நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் இந்த மதிப்பு ஏறக்குறைய தென்படுவதே இல்லை. புதிதாக எதுவும் நடக்கவில்லை, வளர்ச்சி விகிதத்தைப் பாருங்கள் என்று சொல்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்தான்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு பொருள் இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் அது உயர்ந்த பொருள் என்று அர்த்தமா, அல்லது அது இல்லாமல் இருக்க முடியாதபடி நாம்தான் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டோமா? வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி வேண்டும், டிக்கெட் செயலியில்தான் கிடைக்கும், உணவகத்தில் மெனுவைக் கூட ஸ்கேன் செய்துதான் படிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டு, பார்த்தீர்களா போன் இல்லாமல் வாழ முடியாது என்று சொன்னால் அது பாதி உண்மை. கார் விஷயமும் இப்படித்தான். ஊரைக் காருக்காக அகலமாகப் பரப்பிக் கட்டிய பிறகு கார் அத்தியாவசியமாகிவிடும். அது முக்கியமான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை, ஆனால் முக்கியம் என்பது வேறு, நல்லது என்பது வேறு. எடுத்துவிடும் சோதனை முதலாவதைத்தான் காட்டும்.

துணி துவைக்கும் கதை

நுகர்பொருள் எதுவுமே உலகத்தை மாற்றியதில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரே எதிர்வாதம் போதும்: வாஷிங் மெஷின். 1940-களின் நடுவில் அமெரிக்கக் கிராமங்களுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்த சமயம், ஒரு பண்ணைப் பெண் துணி துவைப்பதைக் கூடவே நின்று அளந்தார்கள். 38 பவுண்டு துணி, அதாவது சுமார் 17 கிலோ. கையால் துவைக்க 4 மணி நேரம், மின் இயந்திரத்தில் 41 நிமிடம். அதைவிட எனக்கு மறக்காத எண் இன்னொன்று: அந்தத் துணியைத் துவைக்க அவர் முன்பு நடந்த தூரம் 3,181 அடி, பிறகு 332 அடி. நடந்தது எதற்கு? தண்ணீர் தூக்க, அடுப்புக்கும் தொட்டிக்கும் போய்வர. நனைந்த துணியின் கனம், கொதிக்கும் தண்ணீர், முறுக்கிப் பிழிந்து சிவந்த கை, இவை எந்த அளவிலும் சேரவில்லை.

சரி, அப்படியென்றால் இல்லத்தரசிகளுக்கு நேரம் மிச்சமாகியிருக்க வேண்டுமே? அதே அமெரிக்காவில் 1920-களிலும் 1960-களிலும் வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டு காலத்திலும் வாரத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல்! நாற்பது ஆண்டில் இத்தனை இயந்திரங்கள் வந்தும் மணிக்கணக்கு குறையவில்லை. ஏனென்றால் துவைப்பது எளிதானதும் சட்டையை இரண்டு நாள் போடுவது அழுக்காகிவிட்டது. முன்பு வெளியே கொடுத்துத் துவைத்தவர்கள் வீட்டிலேயே துவைக்கத் தொடங்கினார்கள். தரத்தின் அளவுகோலை உயர்த்திவிட்டு, மிச்சமான நேரத்தை அதிலேயே போட்டார்கள். பிறகு பெண்கள் பெருமளவில் சம்பள வேலைக்குப் போனபோதுதான் அந்த மணிக்கணக்கு இறங்கியது. அப்படிப் போக முடிந்ததற்கு இயந்திரமும் ஒரு காரணம், ஆனால் இயந்திரம் மட்டும் காரணமில்லை. உடலை முறிக்கிற வேலை போனது என்பது மட்டும் நிச்சயம். ‘நேரத்தை மிச்சப்படுத்தும்’ என்று எழுதியிருக்கிற எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாஷிங் மெஷின் தனியாக இதைச் செய்யவில்லை. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், அழுக்குத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும், சோப்புத்தூள் வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டி மூலையில் நின்று தூசி சேர்க்கும். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு என்று மேலே சொன்னேனே, இதுதான் அது.

மேடை ஏறாதவை

ஏற்பாடுகளில் பலவற்றை நாம் கண்டுபிடிப்பு என்றே நினைப்பதில்லை. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் பிரிட்டனில் ஒரு கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் இருந்த விஷயம் எஸ் எழுத்து மாதிரி வளைந்த ஒரு குழாய், அவ்வளவே. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், கீழேயிருந்து வரும் நாற்றத்தையும் வாயுவையும் அந்தத் தண்ணீரே அடைத்துவிடும். இந்த வளைவு இல்லாவிட்டால் வீட்டுக்குள் கழிப்பறையை யாரும் சகித்திருக்க மாட்டார்கள். கை கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள், அதன் உறவுக்காரர் ஒருவர் இன்றும் அங்கே இருப்பார்.

1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். மற்ற நகரங்களும் பின்பற்ற, டைபாய்டு சரிந்தது. 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற லாரி நிறுவன முதலாளி, பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் மேல் 58 அலுமினியப் பெட்டிகளை (இதுதான் கன்டெய்னர்) ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை ஒரு டன் சரக்கை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்ற 5.86 டாலர் ஆகும். பெட்டியோடு ஏற்றியதில் 16 சென்ட். இன்று உங்கள் கையில் இருக்கும் எந்தச் சாதனமும், அதற்குள் இருக்கும் பாகங்களும், அநேகமாக அந்தப் பெட்டியின் வாரிசு ஒன்றில் எங்கோ பயணம் செய்தவைதான். காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கும் ஹேபர்–போஷ் முறையை 1913-ல் ஜெர்மனியில் ஆலை அளவில் தொடங்கினார்கள். உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிக்கு உணவு அதை நம்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். வெடிமருந்தும் அதே ஆலையிலிருந்துதான் போனது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது உப்புச் சர்க்கரைக் கரைசல். காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. வெறும் தண்ணீரைக் குடித்தால் குடல் போதுமான அளவு ஏற்காது. ஆனால் குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் குடல் சுவர் இரண்டையும் ஜோடியாக உள்ளே இழுக்கிறது, கூடவே தண்ணீரும் போய்விடுகிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது ஓர் அகதி முகாமில் சிரை வழியாக ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, திலீப் மஹலாநபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இதற்கு பேட்டரி கிடையாது, அடுத்த ஆண்டு புது மாடல் வராது. எடுத்துவிடும் சோதனையை இதில் செய்து பார்க்கவே மனசு வராது.

ஆகவே, கடையில் கிடைக்கும் புதுச் சாமான்களைக் குளோரினோடும் கன்டெய்னரோடும் ஒரே தராசில் வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாமான் அந்தரத்தில் தொங்கும். ஆரவாரம்தான் என்று சொல்கிற கட்சி இந்த இடத்தில் எழுந்து கைதட்டும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

விளையாட்டுச் சாமானின் வேலை

மின் சமிக்ஞையைப் பெருக்கும் குட்டிப் பாகம் டிரான்சிஸ்டர், இன்றைய சிப்புகளுக்குள் கோடிக்கணக்கில் இருப்பது. அது 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அடுத்த ஆண்டு அதைப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தபோது, நியூயார்க் டைம்ஸ் அதை வானொலிச் செய்திகளின் கடைசியில் சில வரிகளாகப் போட்டது. அப்போது அது விலை அதிகமான, தரம் நிலையில்லாத, அதே வேலையைச் செய்த பழைய வெற்றிடக் குழாயே தேவலை என்று தோன்ற வைக்கும் ஒரு பாகம். அப்படிப்பட்ட ஒன்றை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? இராணுவம் வாங்கியது. அப்புறம் காது கேளாதவர்கள் வாங்கினார்கள். குழாய் வைத்த காது கருவிக்குக் கனத்த பேட்டரியைச் சுமக்க வேண்டியிருந்தது, அது சீக்கிரம் தீர்ந்தும் போகும். அதனால் 1952 முடியும் நேரத்தில் ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் இரண்டு குழாயும் சேர்த்த காது கருவி வந்தபோது அதற்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருந்தார்கள். 1954-ல் நான்கு டிரான்சிஸ்டர் கொண்ட சட்டைப்பை ரேடியோ, விலை 49.95 டாலர், ஒலி சுமார்தான். இளைஞர்கள் பெற்றோர் காதில் விழாமல் பாட்டுக் கேட்க வாங்கினார்கள். உருப்படாத சாமான் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

இந்த உருப்படாத விற்பனை என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம். 1936-ல் தியோடர் ரைட் என்ற விமானப் பொறியாளர் ஒன்றைக் கவனித்து எழுதினார்: இதுவரை செய்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானம் செய்யத் தேவையான உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. செய்யச் செய்யக் கைப்பழக்கம், வேறென்ன. விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், ஆனால் இதே போக்கு எத்தனையோ பொருள்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஒரு பாகம் மலிவாக வேண்டுமானால் அது கோடிக்கணக்கில் செய்யப்பட வேண்டும். கோடிக்கணக்கில் செய்ய வேண்டுமானால், அது இன்னும் விலை அதிகமாகவும் சுமாராகவும் இருக்கும்போதே யாராவது ஆசைப்பட்டு வாங்க வேண்டும். அப்படி ஆசைப்பட்டு வாங்குகிற கூட்டம் எது? பொம்மை வாங்குகிற கூட்டம்தான்.

லித்தியம் அயனி பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். சோனி 1991-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, கையடக்க வீடியோ கேமரா மாதிரியான சாமான்களுக்காக. பிறந்தநாள் விழாவை ஆட்டி ஆட்டிப் படமெடுத்து, யாரும் திரும்பப் பார்க்காத டேப்புகளை அலமாரியில் அடுக்கிய தலைமுறை அதற்குப் பணம் கொடுத்தது. பிறகு லேப்டாப் வந்தது, செல்போன் வந்தது. 2008-ல் டெஸ்லாவின் முதல் கார் வந்தபோது அதில் இருந்தவை 6,831 சின்ன உருளை பேட்டரிகள், லேப்டாப்புக்குள் இருப்பவை போன்ற அதே அளவு. காருக்கென்று பேட்டரி கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கவில்லை, லேப்டாப் வாங்கியவர்கள் ஏற்கெனவே மலிவாக்கிவைத்திருந்ததை எடுத்துக் கட்டிவிட்டார்கள். 2010-லிருந்து பார்த்தால் கார் பேட்டரியின் விலை சுமார் 90 சதவீதம் இறங்கியிருக்கிறது. 2019-ல் வேதியியல் நோபல் பரிசு இந்தப் பேட்டரியை உருவாக்கிய மூன்று பேருக்குப் போனது. வீடியோ கேமரா வாங்கியவர்களுக்கு ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

இப்போது அந்தக் கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் நிறம் போட வேண்டும் என்பதால், அந்தக் கார்டுகள் ஒரு பெரிய மூளைக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கணக்கர்களை வரிசையாக உட்கார வைத்த மாதிரி செய்யப்பட்டவை. நிரல் எழுத வழி திறந்ததும் ஆராய்ச்சியாளர்கள் உள்ளே நுழைந்தார்கள், விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத கணக்குகளை அதில் போட்டுப் பார்த்தார்கள். 2012-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் ஒரு செயற்கை நரம்பு வலையை (உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல்), கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள் இரண்டில், ஐந்தாறு நாள் ஓட்டிப் பயிற்றுவித்தார்கள். படத்தில் இருப்பது என்னவென்று அடையாளம் காணும் போட்டியில் மற்ற எல்லோரையும் வெகுதூரம் பின்னால் விட்டது அது. இன்று செயற்கை நுண்ணறிவு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்தப் பாதையில் வந்தது. திரையில் தண்ணீர் பளபளக்க வேண்டும் என்று கேட்ட பையன்கள் கொடுத்த காசு இல்லாமல் அந்த இரண்டு கார்டுகள் அந்த விலையில் இருந்திருக்காது.

எல்லாப் பொம்மைக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 2010 வாக்கில் எல்லா டிவி நிறுவனங்களும் முப்பரிமாண டிவியைத் தள்ளிப் பார்த்தன, கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார மக்கள் மறுத்தார்கள், 2017-ல் கடைசி நிறுவனங்களும் விலகிக்கொண்டன. குறிப்பிட்டுச் சொல்லும்படி எதையும் அது விட்டுச்சென்றதாக எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு, எப்போது

நேரம் இன்னொரு தலைவலி. 1882-லேயே எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் ஓடத் தொடங்கிவிட்டது. 1900-ல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்கு விசையில் மின் மோட்டாரின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். ஏன் இத்தனை மெதுவாக? பழைய ஆலையில் ஒரு பெரிய நீராவி இன்ஜின், அதிலிருந்து கூரையோடு ஓடும் நீண்ட தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பட்டை. முதலாளிகள் முதலில் செய்தது இன்ஜினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தது, தண்டும் பட்டையும் அப்படியே. அதில் என்ன பெரிய லாபம் வரும்? ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனிக் குட்டி மோட்டார் வைக்கலாம், அப்படி வைத்தால் தண்டே வேண்டாம், வேலை நடக்கும் வரிசைப்படி இயந்திரங்களை அடுக்கலாம், கட்டடத்தையே ஒரே தளமாகப் பரப்பலாம் என்று புரிந்து, புது ஆலைகள் கட்டி முடித்து, பலன் கணக்கில் தெரிய 1920-கள் ஆகிவிட்டன. கணினிக் காலம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித் திறன் புள்ளிவிவரத்தில் மட்டும்தான் தெரியவில்லை என்று ராபர்ட் சோலோ என்ற பொருளாதார நிபுணர் 1987-ல் கிண்டலாக எழுதியபோது, பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் சில ஆண்டு கழித்து இந்த மோட்டார் கதையைத்தான் பதிலாகச் சொன்னார்.

செய்தவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. ஒலியைப் பதிவு செய்யும் கருவியை 1877-ல் செய்த எடிசன், அது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் போட்டார். கடிதம் சொல்லி எழுதவைப்பது முதலில் வந்தது, சங்கீதம் அதற்குப் பிறகுதான்.

அப்புறம், யாருக்கு என்ற கேள்வி. ஏற்கெனவே வங்கிக் கணக்கு, கார்டு, வீட்டுத் தொலைபேசி எல்லாம் வைத்திருந்தவருக்குச் செல்போன் ஒரு வசதி. கென்யாவில் 2007-ல் எம்பெசா என்ற சேவை தொடங்கியபோது வங்கிக் கணக்கே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் சாதாரணப் பொத்தான் போனில் குறுஞ்செய்தி மூலம் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, முன்பு பேருந்தில் போகிற யாரிடமாவது கொடுத்து நம்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதே பெட்டி, ஒருவருக்குக் கொஞ்சம் சௌகரியம், இன்னொருவருக்கு முதல் வங்கி. புதுச் சாதனங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை ஆட்களாக இருப்பதால், ‘சென்ற ஆண்டு மாடலை விடப் பெரிய வித்தியாசமில்லை’ என்ற தீர்ப்பு நமக்கு அடிக்கடி கிடைக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை அது சரியான தீர்ப்புதான்.

அடுத்த முறை ஏதாவது புதிதாக வரும்போது நான் என்ன பார்ப்பேன் என்று கேட்டால்: மடிக்கும் போன் எனக்கு அலுப்பாக இருக்கிறது, மடிக்காத போனில் முடியாத எதுவும் அதில் இல்லை, ஆனால் மடிகிற திரையை ஒரு கோடி முறை செய்து பழகினால் அது வேறெங்கே போய் ஒட்டும் என்பது சுவாரசியமான கேள்வி. ஸ்மார்ட் வாட்ச்சில் நேரம் பார்ப்பதும் நடையை எண்ணுவதும் சாதாரணம், தோலுக்குள் ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பைப் படிக்கும் உணரி மலிவானது சாதாரணமில்லை. முகத்தில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடியை வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் மாட்டுகிறார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். 2022 நவம்பர் கடைசியில் வந்த சாட்ஜிபிடியைப் பொறுத்தவரை, நாம் இன்னும் நீராவி இன்ஜினைக் கழற்றிய இடத்தில் மோட்டாரை வைத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன். பழைய வேலையை, பழைய வரிசையில், கொஞ்சம் வேகமாகச் செய்ய வைக்கிறோம். கட்டடத்தை இன்னும் யாரும் மாற்றவில்லை. மாற்றினால் எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை, செக்வேக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. 2016-ல் ஒயரே இல்லாத ஏர்பாட்ஸ் வந்தபோது, பல் துலக்கும் பிரஷ்ஷின் தலையை வெட்டிக் காதில் சொருகியது மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். போனில் இருந்த ஹெட்போன் துளையை அடைத்துவிட்டு இதை விற்கிறார்களே என்று கோபப்பட்டார்கள், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. வெளிச் சத்தத்தைக் குறைக்க அதற்குள் மைக்குகளையும், அவை கேட்பதை அந்தக் கணமே அலசும் சிப்பையும் பின்னால் வந்த மாடல்களில் வைத்தார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஏர்பாட்ஸ் ப்ரோவின் இரண்டாம் தலைமுறையை மென்பொருள் மூலம் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்த அனுமதித்தது, லேசானது முதல் மிதமானது வரை செவித்திறன் குறைந்த பெரியவர்களுக்கு. எழுபது ஆண்டுக்கு முன்னால் ஒற்றை டிரான்சிஸ்டராகக் காது கருவியில் நுழைந்தது, எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடி காதுக்கே வந்திருக்கிறது. நடுவில் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பாட்டுக் கேட்கத்தான் வாங்கினார்கள்.